பேதுரு குளிர்காய்ந்த நெருப்பு

எங்கள் தேயிலை ஃபேக்டரி வராந்தாவில் இரும்புக் கணப்புச் சட்டி ஒன்று எரிந்துகொண்டிருக்கும். குன்னூர்க் குளிரில் அதன் பக்கத்தில் நிற்க மேனேஜரின் தயவு வேண்டும். தோட்டத்துச் சர்ச்சில் ஜெபம் நடத்திய உபதேசியாரை நினைத்தால் எனக்கு அந்தச் சட்டிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி ஓடாமல் நின்றிருந்த வருடம். பெரிய வெள்ளிக்கு, இலை வாட்டும் மாடியில் திரை கட்டி ஏசுவின் சீடர்களைப் பற்றிய படம் போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து கிளார்க் வேலைக்கு வந்த நான் திருநீறு பூசுகிறவன். பொழுது போகட்டும் என்று போய் உட்கார்ந்தேன். சலவைக்கடை அங்கி, சலூன் தாடி, வலை இழுத்த தழும்பே இல்லாத கைகள். இவர்களா மீனவர்கள் என்று எனக்கே எரிச்சல். லயத்து வீடுகளிலிருந்து வந்த தொழிலாளி ஜனங்கள் அரை வயிற்றோடு விசும்பிக்கொண்டிருந்தார்கள். ஏசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு, பேதுரு தூணில் சாய்ந்து அழகாக அழுதார். பின்னால் வயலின் வேறு. உபதேசியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

நானும் போனேன். "ஏனுங்க, படம் முடியறதுக்குள்ள வந்துட்டீங்க?"

"பொய்யுங்க கிளாக்கரய்யா," என்றார். இலங்கைத் தோட்டத்துப் பேச்சு அவரிடம் மாறவேயில்லை. "பேதுரு தூண்கிட்டயா நின்னாரு? நெருப்புகிட்ட நின்னாரு. வேதத்துல இருக்கு. குளுரு. அந்தச் சூட்ட விட்டுட்டுப் போவ மனசு வரல."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மார்கழியில் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது; திரும்பி வந்ததும் ஃபேக்டரியில் சொன்னார்கள். தோட்டத்து நிலத்திலிருந்த சர்ச் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னதால், புது மேனேஜரிடம் கெஞ்சப் போயிருந்தார் உபதேசியார். மேனேஜர் மனமிரங்கி அவரைக் கணப்பருகே நிற்கச் சொன்னார். அப்போது, விறகுக்காக மரக்கிளை வெட்டிய ஒருவனைப் பிடித்து வந்தார்கள். சர்ச்சில் மணியடிக்கிறவன், உபதேசியாரின் பக்கத்து வீடு. தோட்டத்து ஆளென்றால் திட்டி அனுப்புவார்கள், வெளியாளென்றால் போலீஸ். "உங்க ஆளா?" என்று மேனேஜர் உபதேசியாரைக் கேட்டார். "தெரியாதுங்க ஐயா" என்றுவிட்டார் இவர். லாக்கப்பிலிருந்து நெஞ்சுச் சளியோடு வந்தவன் தை முடிவதற்குள் செத்துப்போனான். ஜெபம் சொல்லிப் புதைத்ததும் இவரேதான். சர்ச் தப்பித்தது.

"அழுதாரு, சரி," என்றார் உபதேசியார். "அழுவும்போதும் கையில அந்தச் சூடு இருந்திருக்குமே. அத எந்தப் படத்துல காட்டுவாங்க?"

அதன்பின் அவர் கணப்புப் பக்கம் வந்ததேயில்லை. விரல் விறைத்து வேதப்புத்தகத்தின் தாளைப் புரட்ட முடியாமல் தடுமாறுவார். வயசாகிவிட்டது என்றார்கள்.

அந்த ஃபேக்டரி இப்போது சுற்றுலா விடுதி. போன டிசம்பரில் போயிருந்தேன். அதே சட்டியை ஏற்றி வைத்து, "கிட்ட வாங்க சார்" என்று கூப்பிட்டார்கள். அவரையும் அந்த மணியடிக்கிறவனையும் நினைத்துக்கொண்டேதான் கையை நீட்டினேன். சுகமாகத்தான் இருந்தது.