பெட்ரோலில் விளைந்த ஈறு

யுத்தம் முடிந்த மறு வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் முன்பல் இரண்டும் போயின. அன்றிலிருந்து முந்தானை என் வாயை விட்டு இறங்கவில்லை. என் புருஷனோ அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் பல் கட்டுகிறவர். கடையின் மறுபாதியில் வாடகை சைக்கிள். ஊருக்கெல்லாம் பல், கட்டின பெண்டாட்டிக்கு ஓட்டை வாய். எரிச்சல் வராதா?

தா.பழூரில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சு போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்புறம் வாயை எதைக் கொண்டு மூடுவது?

"பல்லு இல்லாம நான் வரமாட்டேன். வேற யாரையாவது வச்சு முடிச்சப் போட்டுக்கட்டும்," என்றேன்.

"பல்லு ரெடியாத்தான் இருக்கு. ஈறுக்குப் பவுடரு இல்லியே. மெட்ராஸ்லேருந்து பார்சல் வரணும்," என்றார்.

பவுடரையும் ஒரு திரவத்தையும் குழைத்து அச்சில் வேகவைத்தால்தான் பொய்ப்பல்லைத் தாங்கும் ஈறு. திரவம் இருந்தது, பவுடர் டப்பா காலி. தினமும் ரயில் வந்தது, பார்சல் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

"அந்தத் திரவம் இறுகுனாத்தானே பவுடரு? நீங்களே செய்யுங்களேன்," என்று நச்சரித்தேன்.

திரவத்தைப் பெட்ரோலில் கலந்து, டப்பாவின் அடித்தூசியை உறைமோர் மாதிரி தட்டிப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பாட்டிலை வெந்நீரில் இறக்கினார். தெளிவாக இருந்தது கழுநீர் போல் கலங்கி, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக அடியில் உட்கார்ந்தது. மறுநாள் புதிதாகச் செய்ததிலும் அதே கட்டி.

கல்யாணம் நெருங்கிவிட்டது. "பெட்ரோல எடு," என்றார். கோபத்தில் கைக்கு வந்த பாட்டிலைக் கொடுத்தேன். ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அது பஞ்சர் ஒட்டும் ரப்பர் பசையைக் கரைத்து வைத்திருந்த பெட்ரோல்.

"கெடுத்தியே குடிய," என்றார். ஈறு குழைப்பதற்கு வைத்திருந்ததைத் தவிர திரவமும் மிச்சமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்த பாட்டில் பாலாக வெளுத்தது. கட்டி தட்டவே இல்லை. வடித்து உலர்த்தியபோது மாவாக உதிர்ந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கசகசா மாதிரி அத்தனையும் உருண்டை.

"திரவம் பெட்ரோல்ல கரையும். அதுவே கோத்துக் கோத்து நீளமாயிட்டா பெட்ரோலு தாங்காது, சுருண்டு உருண்டையா வெளிய வந்துடும். ரப்பரு உருண்டை மேல பூசிக்கிட்டு, ஒண்ணோட ஒண்ண ஒட்ட விடல போல," என்று அவர் உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அப்புறமா யோசிங்க. மொதல்ல பல்லக் கட்டுங்க."

ஈறு ரோஸ் நிறத்தில் வரவில்லை, பழுப்பாக வந்தது. வாயெல்லாம் பெட்ரோல் வாடை. பந்தலில் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன். கை விடுபட்டதும் பழக்கத்தில் முந்தானையைத் தேடி மேலே போனது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே தம்பி பெண்டாட்டியின் கன்னத்தைத் தொட்டேன்.