கெம்பி யார் மாடு

வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் மாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது, அதற்கு முந்தின வீடு என்னுடையது. என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வந்து இறங்கிய வாரமே கெம்பி என் ஜன்னலுக்குள் தலையை விட்டு, காயப் போட்டிருந்த கொத்தவரை வற்றலை மென்றுகொண்டிருந்தது. கெம்பி என்றால் கன்னடத்தில் சிவப்பி.

"அடிச்சிடாதீங்கக்கா, சினையா இருக்குது" என்று ஓடி வந்தாள் வெள்ளையம்மா. வற்றலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தொட்டுக்கிட ஊறுகாயும் வைக்கட்டுமாட்டி உன் மாட்டுக்கு?" என்று கேட்டேன். சிரித்தாள். சண்டை போடலாம் என்றிருந்தேன், முடியாமல் போய்விட்டது.

அவளுக்கு மத்திகிரிக்கு அப்பால் ஒரு ஊர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் ராகிக் கொல்லையில் களை எடுத்தவள். கட்டிக்கொண்டவன் ஆஞ்சப்பன் அதே ஊர்க்காரன். அவன் அப்பா திம்மப்பன், நிலக்காரர் சென்னப்பன் வீட்டு மாடுகளோடு தன் ஆயுசைக் கழித்தவர். ஆஞ்சப்பனும் அங்கேதான் கயிறும் கையுமாக வளர்ந்தான். பிறகு இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்தன. லேத் மிஷினில் சேர்ந்து பர்மனென்ட் ஆனான். ஆன அன்றைக்கே, இனி மாட்டுக் கயிற்றைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டான்.

வெள்ளையம்மா சித்தாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கெம்பியைக் கன்றாக வாங்கி வந்தபோதும் அவன் மாறவில்லை. "மாடு உன்னுது. கயிறும் உன்னுது" என்றான். ஒரு மழைநாளில் அவள் கடைக்குப் போயிருக்க, கெம்பி கட்டை அவிழ்த்துக்கொண்டு பெங்களூர் ரோட்டுப் பக்கம் கிளம்பிவிட்டது. இந்த மனிதன் வாசலில் நின்றபடி, "அக்கா, மாடு போவுது" என்று எனக்குத் தகவல் சொன்னான். அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு நான் ஓடினேன். மாடு கிடைத்தது. குழம்பு தீய்ந்துவிட்டது. அவனை வாயில் வந்தபடி ஏசினேன்.

"ஏம்ட்டி, உன் மாப்பிள்ளைக்குக் கயித்தைப் பிடிச்சா கை வெந்தா போயிரும்?" என்று அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். அப்போதுதான் அவள் ஊர்த் திருவிழாவான ஜாத்திரையைப் பற்றிச் சொன்னாள்.

வருஷா வருஷம் ஜாத்திரையோடு சேர்த்து அங்கே மாட்டுக் கண்காட்சி நடக்கும். போட்டிகள் முடிந்ததும் மெரவணை, அதாவது ஊர்வலம். ஜெயித்த மாடு முன்னால், மற்ற மாடுகள் பின்னால், தமுக்கோடு ஊர்த்தெரு முழுக்கப் போகும். மாட்டுக்குச் சொந்தக்காரர் கயிற்றைத் தொடமாட்டார். மாலையும் தலைப்பாகையுமாக மாட்டுக்குப் பின்னால் நடப்பார். கயிறு பிடிப்பது பண்ணையாள். ஒவ்வொரு வாசலிலும் மாட்டின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, "யார் மாடு?" என்று கேட்பார்கள். கயிறு பிடித்தவன் சொந்தக்காரர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சொந்தக்காரருக்குக் குங்குமம், மாட்டுக்கு வெல்லம்.

"எங்க மாமனாரு சாவுற வரைக்கும் 'சென்னப்பன் மாடு, சென்னப்பன் மாடு'ன்னு கத்திக்கினே இருந்தாருக்கா. அவரு பேரு என்னான்னு அந்தத் தெருவுல ஒருத்தரும் கேக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கெம்பியின் முதுகில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தெருவுல எம்பேரச் சொல்லணும். ஒரே ஒரு தபா. அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"சாவானேன்? பால் யாருட்டி ஊத்துவா?" என்றேன்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, அந்த வருஷம் ஜாத்திரைக் கமிட்டியில் புது விதி போட்டார்கள். காளைகளின் அழகைப் பார்த்தது போதும், இனிமேல் கறவைப் போட்டியில் ஜெயிக்கிற மாடுதான் மெரவணையில் முன்னால் போகும் என்று. விதியைக் கொண்டுவந்தவர் சென்னப்பனே. பெங்களூர்ப் பக்கமிருந்து பெரிய சீமை மாடு ஒன்றை அவர் அப்போதுதான் வாங்கியிருந்தார். விதிக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளையம்மா பெயர் கொடுத்துவிட்டாள். கெம்பி நிறையக் கறக்கும், அதில் பொய்யில்லை. அந்தப் பால்தான் எங்கள் லைனில் எல்லா வீட்டுக் காபியிலும் இருந்தது. அன்று காலையில் கறந்துவிட்டு மாட்டையும் கன்றையும் நடத்திக் கூட்டிப்போனாள். நானும் போனேன். ஆஞ்சப்பன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராகத் திடலுக்கு வந்து சேர்ந்தான். கயிறு இருந்த பக்கம் வராமல் மைக் செட்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

மத்தியானம் மாட்டு டாக்டர் விசில் ஊதினார். எல்லோரும் கறக்க உட்கார்ந்தார்கள். சென்னப்பன் ஆள் கறந்த செம்பில் நுரை எழும்பிவிட்டது. கெம்பி அசை போட்டுக்கொண்டு நின்றது. வெள்ளையம்மா மடியைக் கழுவினாள், நீவினாள், கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினாள். சொட்டுப் பால் இல்லை. மாடு பாலை விடாமல் மேலே எக்கிக்கொண்டுவிட்டது. பார்க்க நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனுக்கு நான் பதில் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, சங்கு ஊதல" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் லைனில் கம்பெனிச் சங்கு ஊதினால்தான் பால் கறப்பு. ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள் அப்போதுதான் பாத்திரத்தோடு வருவார்கள், முன்னால் கறந்து வைத்தால் வெயிலில் திரிந்துபோகும். அதனால் காலைச் சங்குக்கும் மத்தியானச் சங்குக்கும் செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அப்படியே பழக்கிவிட்டாள். சங்கு கேட்காமல் பால் விடக்கூடாது என்று அந்த வாயில்லா ஜீவன் முடிவு செய்திருந்தது. அங்கே போட்டியில் இருந்த மாடுகளில் கம்பெனி மாடு அது ஒன்றுதான்.

நான் மைக் செட் பக்கம் ஓடினேன். "ஏ ஆஞ்சப்பா! சங்கு இல்லாம உன் மாடு பால் விடமாட்டேங்கு! ஏதாவது செய்யி!"

என் மாடில்லை என்று அவன் சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. மைக்கை ஸ்டாண்டோடு தன் பக்கம் இழுத்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஊஊஊ" என்று ஆரம்பித்தான். அடிவயிற்றிலிருந்து எழுப்பி, மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, கம்பெனிச் சங்கு எப்படி இழுத்து இறங்குமோ அப்படியே இறக்கினான். திடலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூக்கண்டப்பள்ளி ஆட்கள் கொத்தாக எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். ஒருவர் டிபன் கேரியரோடு பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார்.

கெம்பி காதை ஆட்டியது. பிறகு செம்பில் சர்ரென்று சத்தம் கேட்டது.

செம்பு நிறைந்தது. அடுத்த செம்பு நிறைவதற்குள் மடி மறுபடி எக்கியது. ஆஞ்சப்பன் மறுபடி ஊதினான். மூன்றாவது தடவையில் அவன் தொண்டை கிழிந்த சத்தம் மைக்கிலேயே கேட்டது. அளந்து பார்த்ததில் சீமை மாடு ஒரு டம்ளர் பின்தங்கியிருந்தது.

சென்னப்பன் ஆட்கள் கத்தினார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாட்டுக்கு ஊசி போடக் கூடாதுன்னு விதி இருக்கு. வாயால ஊதக் கூடாதுன்னு இல்ல" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது.

வெள்ளையம்மாவுக்கு மாலை போட்டார்கள். தலைப்பாகை பெண்ணுக்குக் கட்டலாமா என்று கமிட்டியில் குழம்பி, கடைசியில் துண்டைத் தோளில் போட்டார்கள். தமுக்கும் தயார். அப்போது கமிட்டி ஆள் கேட்டார்: "கயிறு யாரு புடிக்கிறது?"

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் பிடிக்கலாம் என்றால், ஊர்க்காரர்தான் பிடிக்க வேண்டுமாம். சென்னப்பன் பெரிய மனசோடு, "எங்க ஆளு புடிக்கட்டும்மா" என்றார். அவர் ஆள் கயிற்றைப் பிடித்தால் தெரு அதை அவர் மாடென்றுதான் நினைக்கும். வெள்ளையம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். தானே பிடித்தால் சொந்தக்காரி இல்லை, கூலிக்காரி. யார் பெயரையும் யாரும் சொல்லப்போவதில்லை. அவள் ஆஞ்சப்பன் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சொன்ன சொல் அவளுக்குத் தெரியும். "நானே புடிக்கிறன்" என்று சொல்லி மாலையைக் கழற்றக் கை தூக்கினாள்.

"இந்தா" என்று கரகரத்த குரல் கேட்டது. அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "மாலையைக் கழட்டாத. பின்னால போ."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கயிற்றை வாங்கி, கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். மறக்கவில்லை போலிருக்கிறது.

முதல் வாசலே சென்னப்பன் வீடு. அவர் மனைவி ருக்மணி செம்போடு நின்றிருந்தார். மாட்டின் காலில் தண்ணீரை ஊற்றி, "யார் மாடு?" என்றார். ஆஞ்சப்பன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எல்லாவற்றையும் மைக்கில் ஊதித் தீர்த்திருந்தான். தமுக்கு நின்றுவிட்டது. வெள்ளையம்மா மாலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் மாடுப்பா?" என்று ருக்மணி மறுபடி கேட்டார்.

கழுத்து நரம்பு புடைக்க அவன் சொன்னான்: "வெள்ளையம்மா மாடு!"

பாதி காற்றுதான் வந்தது. ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. ருக்மணி குங்குமத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போய் அவள் நெற்றியில் வைத்தார். வெள்ளையம்மா அழுதாள். நானும் அழுதேன், அதற்கென்ன இப்போது.

அதற்கப்புறம் சில வாசல்களில் தண்ணீர் ஊற்றினார்கள், சில வாசல்களில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேட்காத வாசலிலும் ஆஞ்சப்பன் மாட்டை நிறுத்தி, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தான்.