சோதனை மேசை உடையப்பன்

ஷாம்பு பாட்டிலைக் காதருகே வைத்து இரண்டு ஆட்டு ஆட்டுகிறார் உடையப்பன். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் குமிழிகளைப் பார்க்கிறார். ஷாம்பு என்றால் குமிழி சோம்பேறித்தனமாக மேலே ஏறும். சரக்கு என்றால் ஏறுவதற்குள் உடைந்துவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்க இயந்திரமும் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அது அட்டைப்பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகிறது.

விராலிமலைக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் இருக்கிறது அந்த இல்லம். குடியிலும் மாத்திரையிலும் மாட்டிக்கொண்ட சினிமாக்காரர்களும் பாடகர்களும் யாருக்கும் தெரியாமல் வந்து, முப்பது நாள் தங்கி, தெளிந்து போகிற இடம். அறைக்கு அறை தனி நீச்சல் குளம். பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் 'நடிகருங்க பங்களா' என்று சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவார். வருகிறவர்களின் பெட்டியைச் சோதிப்பது, போனை வாங்கி வைப்பது, பிடிபட்டதைப் பதிவேட்டில் எழுதுவது, இவைதான் உடையப்பன் வேலை.

ஒரு பாடகியின் ஆர்மோனியப் பெட்டிக்குள் காலுறை சுற்றிய குட்டிப் புட்டிகள் ஆறு இருந்தன. ஒரு நகைச்சுவை நடிகர் தலையணைப் பஞ்சுக்குள் மாத்திரைகளை வைத்துத் தைத்து வந்தார். தையல் அவ்வளவு நேர்த்தி. உடையப்பன் யாரையும் முறைப்பதில்லை. "இது இங்கிட்டு இருக்கட்டுங்க" என்பார். அவ்வளவுதான்.

இங்கே யாருக்கும் பெயர் இல்லை. மகிழம், புன்னை, வேங்கை என்று அறையின் பெயர்தான் ஆளின் பெயர், பதிவேட்டிலும் அப்படியே. எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டிக்கொண்டால் வேலை போய்விடும். இந்த நடிப்பில் உடையப்பனை மிஞ்ச ஆள் இல்லை என்று மருத்துவர் புவனேஸ்வரியே சொல்வார்.

அவருக்கும் ஒரு காலம் இருந்தது. பத்தொன்பது வயதில், அன்னவாசல் பக்கத்து ஜல்லிக்கட்டு ஒன்றில், ஒரே நாளில் பதினொரு மாடு பிடித்தார். சைக்கிள், கட்டில், அண்டா, சுவர்க்கடிகாரம் என்று டெம்போ வைத்து வீட்டுக்கு ஏற்றினார்கள். பேருந்து நிலையத்தில் பேனர் வைத்தார்கள். அதில் அவர் போட்டிருந்த கூலிங் கிளாஸ் யாருடையது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களின் கல்யாணப் பத்திரிகையில் 'மாடுபிடி வீரர்' என்று அவர் பெயர் வந்தது. மைக்கில் அவர் பெயரைச் சொல்லும்போது கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுப்பார்கள். அதைச் சொல்லும்போது இப்போதும் கழுத்து தானாக நிமிர்கிறது. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, எப்போது நினைத்தாலும் அந்தக் குரல் அவருக்குக் கேட்கிறது. அதன் மேல் உள்ள ஆசை இன்னும் தீரவில்லை என்பதை அவர் மறைப்பதும் இல்லை.

"அந்த ரெண்டு தை மாசந்தான் வாழ்ந்தேன். மத்த நாளெல்லாம் சும்மா இருக்கேன்" என்பார்.

வீரனுக்கு ஊற்றிக் கொடுப்பதில் ஊருக்கே ஒரு பெருமை. மூன்றாவது தை மாதம் மாடுபிடிக்கு முன்னால் நடந்த மருத்துவச் சோதனையில் ஊதச் சொன்னார்கள். வாடை அடித்தது. எண் போட்ட பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். தடுப்புக்கு வெளியே நின்றபோது மைக்கில் வேறு ஒரு பெயரை இழுத்தார்கள். குடியை விடுவதற்கு அவருக்கு அதன் பிறகு ஒன்பது வருஷம் ஆனது. நீச்சல் குளமெல்லாம் இல்லை. மனைவி இளமதி கோயிலுக்கு இழுத்துப்போய்க் கையில் ஒரு கயிறு கட்டவைத்தாள், அதுதான் வைத்தியம்.

போன மாதம் மகிழம் அறைக்கு இருபத்தொரு வயதில் ஒரு நடிகன் வந்தான். பெயர் அரவிந்த்குமார். நடித்தது ஒரே படம்; அந்த ஒரு படத்துக்கே ஊர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இரண்டாவது படம் தொடங்குவதற்குள் புட்டி இல்லாமல் எழுந்திருக்க முடியாத நிலை. முதல் வாரம், யாரும் தன்னைக் கண்டுகொள்ளாதது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் அதுவே அரிக்கத் தொடங்கியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசைக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"என்னை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களாண்ணே?"

"இல்லைங்க தம்பி."

இளமதியோடு திருச்சிக்குப் போய் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவர் உடையப்பன். அந்தப் பொய்யைச் சொன்ன நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள், மறுநாள் மத்தியானம் கிளம்பப் போவதாகப் பையன் எழுதிக் கொடுத்துவிட்டான். ஏற்கெனவே இரண்டு இடங்களிலிருந்து பாதியில் போனவன். இன்னொரு தடவை குடியில் விழுந்தால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் கவலையோடு சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. உடையப்பன் சாயங்காலம் மலையேறி முருகனிடம் பையனுக்காக வேண்டிக்கொண்டு, பிரசாதப் பொட்டலத்தோடு இறங்கினார். சனிக்கிழமை காலை, சிற்றுண்டித் தட்டில் அதை வைத்து மகிழம் அறைக்குள் அனுப்பினார்.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டும் படைப்பார்கள். திருநீறோடு அதுவும் பிரசாதமாகக் கைக்கு வரும். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு அது சுருட்டாகவே படவில்லை. பதினொரு மணிக்கு, புதிதாக வந்த ஒருவரின் பெட்டியிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. காலையில் அனுப்பிய பொட்டலத்திலும் ஒரு சுருட்டு இருந்தது. இல்லத்துக்குள் புகையிலைத் தூள் கொண்டுவந்தாலே வேலை இல்லை. மகள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

அவர் எழுந்திருப்பதற்குள் பையன் எதிரே வந்து நின்றான். உள்ளங்கையில் சுருட்டு இருந்தது; வியர்வையில் நனைந்து தோல் பிரிந்திருந்தது.

"காலையிலேருந்து கையிலயே வச்சிருக்கேன்ணே. வாசனை மெழுகுவத்தி பக்கத்துலயே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பத்த வைக்கலை."

உடையப்பன் அதை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஒங்க வேலை போயிரும். தூக்கிப் போட்டுருங்க. நானும் மத்தியானம் போயிருவேன்."

சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டால் முடிந்தது. வேலை தப்பும். ஆனால் மூன்று மணி நேரம் இந்தப் பையன் தன்னோடு தானே மல்லுக்கட்டி ஜெயித்ததும் அதோடு சேர்ந்து காணாமல் போகும். அவன் ஜெயித்ததைப் பார்க்க அந்த அறையில் மனிதர் யாரும் இருக்கவில்லை.

அவர் பதிவேட்டைத் திறந்தார். 'பொருள்: சுருட்டு, ஒன்று' என்று எழுதினார். 'உள்ளே கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் 'உடையப்பன், சோதனை மேசை' என்று எழுதினார். அடுத்த கட்டம், 'தானாக ஒப்படைத்தவர்'. அதில் மகிழம் என்று எழுத வேண்டும். அவர் 'அரவிந்த்குமார்' என்று முழுப் பெயரையும் கட்டத்தைத் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாக எழுதினார். பிறகு பதிவேட்டைப் பையனின் பக்கம் திருப்பி வைத்து, எழுந்து நின்று, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.