தேதி போடாத ராஜினாமா

எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே ராஜினாமாவையும் எழுதி வாங்கிவிட்டார்கள். இரண்டு பிரதி, கையெழுத்தோடு. தேதி மட்டும் இருக்காது. பள்ளியை நடத்திய தாளாளர் எல்லார் கடிதத்தையும் மேசை டிராயரில் வைத்திருப்பார். யாராவது எதிர்த்துப் பேசினால் தேதியைப் போட்டு, 'இன்றே விடுவிக்கப்பட்டார்' என்று எழுதி, சீல் குத்தி, ஒரு பிரதியை மூஞ்சியில் விட்டெறிவார். என் கண்ணெதிரே மூன்று பேர் அப்படிப் போனார்கள்.

எனக்கு அப்போது ஏழு மாதம். கால் வீங்கிப் போய் வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்த தாளாளர் உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு முன்னாலேயே நாற்காலியை எடுக்கச் சொன்னார். "புள்ள பெத்துக்கறதுன்னா வூட்ல இருக்கணும்." மனுஷனா அவன்? இருடா, உன்னை ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று கருவிக்கொண்டேன்.

குழந்தைக்கு ஒரு வயது நடக்கும்போது பாலக்கோடு பக்கம் ஒன்றியப் பள்ளியில் சேர ஆர்டர் வந்தது. பத்து நாள் கெடு. பழைய பள்ளி விடுவித்த கடிதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஆர்டரைப் பற்றி மூச்சு விடாமல், குடும்பச் சூழ்நிலை என்று மரியாதையாக எழுதி நீட்டினேன். "மூணு மாச நோட்டீஸும்மா. ஒரு நாள் கொறஞ்சாலும் வுடமாட்டேன்" என்றார். இரண்டு வாரத்தில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன். பயிற்சி முடித்த டீச்சர்கள் என்னோடு சேர்த்து இரண்டே பேர்.

எட்டு நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒன்பதாம் நாள் காலை அவர் அறைக்குப் போய், அவருடைய நாற்காலியிலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டேன்.

கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. "எந்திரிடி" என்றார்.

"கால் வலிக்குதுங்க" என்றேன்.

டிராயரை இழுத்தார். தேதி, கையெழுத்து, சீல். "இந்த நிமிஷமே வெளிய போ."

கீழே விழுந்த காகிதத்தைப் பொறுக்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் படித்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஆர்டரைக் காட்டினேன். பேயறைந்த மாதிரி நின்றார். "இன்ஸ்பெக்‌ஷன் வரைக்குமாவது இரும்மா. மூணு மாச நோட்டீஸ்னு ஒரு முறை இருக்குதில்ல."

"எனக்கு நீங்க மூணு நிமிஷம்கூடக் குடுக்கலீங்களே."

வயிறு குளிர்ந்துபோனது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரிக்கிற பைத்தியம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மறுவருஷம் அந்த இன்னொரு டீச்சருக்கும் ஆர்டர் வந்தது. என்னைத் தேடி வந்து யோசனை கேட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டு, தானாகத் தேதி போடுவான் என்று சொல்லி அனுப்பினேன். பாவம், சாது, மனப்பாடம் செய்துகொண்டு போய்த் திட்டியிருக்கிறாள். அவருக்குக் கோபமே வரவில்லையாம். "பேசும்மா, நல்லாப் பேசு. மூணு மாசம் இருக்குதே" என்றாராம்.

கெடு முடிந்தது. அவளுக்கு வேறு ஆர்டர் வரவேயில்லை. வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து அந்த ஆள் மேல்தான் வைத்திருக்கிறேன்.