கதையை நீட்டிய ஆடிச் செவ்வாய்

எனக்குத் தீட்டு நின்றபோது வயது நாற்பத்தெட்டு. வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் தொழுவத்தை ஒட்டிய அறையில் ஒதுங்கிக் கிடக்க வேண்டாம், ஊறுகாய்ப் பரணியைத் தொட்டால் யாரும் அலற மாட்டார்கள். கூடவே ஒரு பதவியும் வந்தது. ஆடிச் செவ்வாயில் பெண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடும் நோன்பில் கதை சொல்கிற பதவி. எங்கள் குடும்பத்தில் தீட்டு நின்றவள்தான் அதைச் சொல்லலாம். வாசகசாலைப் புத்தகத்தில் கண்ணை வைத்துப் பாலைப் பொங்கவிடுகிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு, படிப்பால் கிடைத்த ஒரே உத்தியோகம்.

ஒரு வருஷத்துக்கு மேல் உத்தியோகத்துக்கு ஆபத்தில்லை. பிறகு, ஒரு ஆனி மாதம், நின்றது திரும்பி வந்தது. முதலில் கறை மாதிரி. அப்புறம் விடாமல்.

யாரிடமும் சொல்லவில்லை. மேலத்தெருவில் ஒருத்திக்கு இப்படித்தான் வந்தது. மேற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது உட்கார்ந்து போனாள், வரும்போது படுத்து வந்தாள். கதாநாயகி இரண்டு தரம் இருமினாலே அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிற நான், என் விஷயத்தில் மட்டும் பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருந்தேன். உடம்புச் சூடு என்று எனக்கு நானே வைத்தியராகி, வெந்தயத்தை ஊறவைத்து மோரில் குடித்தேன். படியேறினால் கண் இருட்டியது. அதையும் சூட்டின் கணக்கில் சேர்த்தேன்.

ஆடிச் செவ்வாய் வந்தது. தீட்டோடு நோன்பு அறைக்குள் கால் வைக்கக்கூடாது. கதை சொல்ல வரவில்லை என்றால் என் ஓரகத்தி ஏன் என்று கேட்பாள். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆசாரத்தில் அவளுக்கு மேல் அப்பீல் கிடையாது. அவள் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் ஆஸ்பத்திரி. துணியை இன்னும் தடிமனாக மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பொழுது சாயும் முன்பே ஆண்களுக்குச் சோறு போட்டு வெளியே அனுப்பியாகிவிட்டது. நோன்புக் கொழுக்கட்டையில் ஆண் கண் படக்கூடாது. தொட்டில் பிள்ளையானாலும் வெளியேதான். கடுவன் பூனைக்கும் சலுகை இல்லை. என் வீட்டுக்காரர் எதிர்வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். எந்தெந்தத் தாலுகா மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அங்கே தினமும் எல்லை பிரிப்பார்கள்.

உப்பில்லாத மாவு ஆவியில் வெந்துகொண்டிருந்தது. நான் பலகையில் உட்கார்ந்து, சோற்றுக்கு வழியில்லாத ஒருத்தி நோன்பிருந்து செழித்த கதையைத் தொடங்கினேன். பாதியில் அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. மடித்த துணியைத் தாண்டிப் பலகை நனைந்துவிட்டது.

கதை முடிந்ததும் எல்லோரும் எழுந்து கும்பிட வேண்டும். நானும் எழ வேண்டும்.

அதனால் கதையை முடிக்கவில்லை. செழித்தவளுக்கு ஒரு பசுவைக் கொடுத்தேன். பசுவைத் தொலைத்தேன். அதைத் தேடி அவளைக் களியக்காவிளை வரை நடக்கவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி கொட்டாவி விட்டாள்.

"இந்தப் பசு போன வருசம் இல்லியே" என்றாள்.

"ஆமா. கதை வளருகுபோல" என்றாள் இன்னொருத்தி. "கொழுக்கட்டை கொழைஞ்சிரும் மைனி. பசுவைச் சீக்கிரம் கெட்டுங்க."

கட்டினேன். உடனே ஒரு ஆறு குறுக்கே வந்தது. வெள்ளம். தோணி இல்லை. என் குரல் எங்கேயோ தள்ளி நின்று பேசுவதுபோல் எனக்கே கேட்டது. விரல் நுனிகள் குளிர்ந்துவிட்டன. விளக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் தெரிந்தது. தோணிக்காரனை வரவழைத்தேன், அவன் என்ன சொன்னான் என்பது மறந்துபோயிற்று.

அக்கா கதையைக் கேட்கவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பலகை ஓரத்தில் வைத்தாள். எடுத்து விளக்கடியில் பார்த்தாள்.

"ஏட்டி, எப்பம் தொட்டு?"

"ஆனியில இருந்து."

"நின்னது திரும்பி வந்ததா?"

தலையாட்டினேன். தீட்டோடு நோன்பில் உட்கார்ந்ததற்கு என்ன கிடைக்கும் என்று காத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கே என்மேல் கோபம் வரவேண்டும், மயக்கம்தான் வந்தது.

"சாவதுக்கு வேற எடம் கிட்டல்லியா ஒனக்கு" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தன் முந்தானையை இழுத்து என் இடுப்பில் சுற்றினாள். பிறகு அடுத்த வீட்டுக்காரியிடம், "நடையைத் தொற. இவ மாப்பிளையைக் கூப்பிடு. பிளசர் காருக்கு ஆளனுப்பச் சொல்லு" என்றாள்.

"அக்கா, கொழுக்கட்டை எறக்கல்லியே. ஆம்பிளை உள்ள வந்தா..."

"கண்ணை மூடிட்டு வரச்சொல்லு."

அப்படியே வந்தார். எல்லை பிரிக்கிற மனிதர், சொந்த வீட்டு வாசற்படி எங்கே என்று தெரியாமல் நிலையில் முட்டிக்கொண்டார். "எங்க இருக்கா மைனி, எங்க இருக்கா" என்று காற்றைத் துழாவினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து என் தோளில் வைத்தாள். கண்ணைத் திறக்காமலே என்னைத் தூக்கினார். என்னைத் தூக்கி எத்தனையோ வருஷமாயிற்று. எடை விஷயத்தில் அவருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

காரில் அக்கா என் கால்களைத் தன் மடியில் உயர்த்தி வைத்திருந்தாள். "பேசு" என்றாள். "தோணிக்காரன் என்ன சொன்னான்?" நான் கண்ணை மூடும்போதெல்லாம் பாதத்தில் கிள்ளினாள். ஆஸ்பத்திரி வரை தோணிக்காரன் பேசிக்கொண்டே வந்தான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே கெட்டது வளரத் தொடங்கியிருந்தது, இன்னும் பரவவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். "தீட்டு நின்னு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு வந்தாலும் உடனே வரணும். சூடுன்னு நீங்களே முடிவு பண்ணப்படாது" என்றார். வெந்தயம் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்துதான் வீட்டுக்குத் திரும்பினேன், மேலத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க.

அடுத்த ஆடியில் பசுவும் ஆறும் தோணியும் இல்லாமல் கதை சொல்ல விடமாட்டோம் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அக்காவும் நோன்பில் ஒரு புது வழக்கத்தைச் சேர்த்தாள். கதவைச் சாத்தியதும், கதைக்கு முன்னால், தலை நரைத்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக் கேட்பாள்: "நின்னது திரும்ப வந்திருக்கா?" இல்லை என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போன ஆடியில் ஒருத்தி பதில் சொல்லாமல் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அக்கா இன்னொரு தரம் கேட்டாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, நடைக் கதவைத் திறக்க எழுந்தாள்.