அவர் உட்கார்ந்த படி

இத்தாலியின் பலெர்மோ நகரக் கோடை வெயிலில், கூட்டம் நெரியும் வியா மக்வேதா தெருவில், என் நான்கு வயது மகள் இனி நடக்கமாட்டேன் என்று அழுதாள். பழைய மாடிக் கட்டடமொன்றின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண், எங்கள் தமிழைக் கேட்டு நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு.

"உள்ளுக்கை வாங்கோ. பிள்ளையை இந்தக் குளிர்ந்த படியிலை இருத்துங்கோ."

மேல்மாடி வீட்டுக்காரியான சிஞ்ஞோரா எட்டிப் பார்த்துக் கத்தினாள். மகளை எழுப்பப்போன என்னைத் தடுத்துவிட்டு, அந்தப் பெண் இத்தாலிய மொழியில் உரக்கப் பதில் சொன்னார்.

"என்னக்கா சொன்னீங்கள்?"

"பிள்ளையை எழுப்பினால் நானும் போறன், மிச்சப் படியை நீயே துடை எண்டனான்."

"வேலை போயிடாதோ?"

"போகட்டும். பதினெட்டு வருசமாத் துடைக்கிறன், ஒருநாளும் இதிலை குந்தினதில்லை."

சொல்லிக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். மேலிருந்து செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. நான்தான் பதறினேன், அவர் அசையவில்லை.