அமாவாசையில் இழுத்த பாவு

சுப்பராயலுவுக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். ஆரணியில் அவர் தெருக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். விடிந்தும் விடியாமலும் தறியில் ஏற்றவேண்டிய பட்டு நெட்டிழைகளை, அதாவது பாவை, நூற்றிருபது அடிக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே போவார். முதல் வெயில் பட்டின்மேல் விழும். மனுஷன் அப்படியே நின்றுவிடுவார். ஆற்றின்மேல் நடக்கிற மாதிரி இருக்குமாம். "யோவ், இன்னா பாத்துகினு நிக்கிற? ஜல்தி முடியா!" என்று மறுமுனையிலிருந்து மனைவி காத்தாயி கத்தினால்தான் கரையேறுவார்.

அந்த இடம் அவருடைய சொந்த நிலம். ஒடுக்கமான, நீளமான, வீடுகட்டக்கூட லாயக்கில்லாத துண்டு. ஆனால் தெருவில் பதினோரு வீட்டுப் பாவும் அங்கேதான் நீளும். வெயில் ஏறினால் இழை முறுகும் என்று எட்டு மணிக்கெல்லாம் சுருட்டிவிடுவார்கள்.

பஸ் நிலையத்தை விரிவாக்க நிலம் அளக்க வந்தவர்கள் வந்ததோ உச்சிவெயிலில். 'உபயோகமற்ற காலி இடம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சுப்பராயலு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிடவே இல்லை. வயிறு எரிந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். ஆட்சேபத்தைக் கேட்காமல் நிலத்தை எடுக்கக்கூடாது, நேரில் பார்த்து மறுபடி விசாரியுங்கள் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தார் வக்கீல் திலகவதி. "எடம் உபயோகத்துல இருக்குன்னு அவங்க கண்ணால பாக்கணும். அதுதாங்க உங்க கேஸே" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

புதிதாக வந்த தாசில்தார் சுகன்யா நல்ல மாதிரி. போன் போட்டு, இடத்தைப் பார்க்க எந்த நாள் தோதுப்படும், காலையிலேயே வருகிறேன் என்றார். சுப்பராயலு காலண்டரைப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

"பதினேழாந்தேதி வாங்கம்மா. அன்னிக்கு அமாவாச, எங்களுக்கு லீவு. தெருவே வந்து சாட்சி சொல்லும்."

அதற்கப்புறம் பத்து நாள் அவர் தரையில் கால் பாவவில்லை. அம்மா நாற்காலியில் உட்காருவார், டீ குடிப்பார், பட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார், கையெழுத்துப் போடுவார் என்று கனவு கண்டுகொண்டே இருந்தார். தெருவும் அவரோடு சேர்ந்து சொக்கிக் கிடந்தது. பதினோரு வீட்டில் ஒரு தலைக்காவது உறைக்க வேண்டாமா?

பதினேழாம் தேதி விடியற்காலை. எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரிச் சட்டையில் வந்து நின்றார்கள். பனி விலகியது. வெறும் தரை நூற்றிருபது அடிக்கு நீண்டு கிடந்தது. அடப்பாவி, அமாவாசையன்று நெசவாளி நூலைத் தொடமாட்டானே!

சுகன்யாவின் ஜீப் வந்துவிட்டது. அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "நீங்க சொல்றதெல்லாம் புரியுதுங்க. ஆனா பாக்கறததானே நான் எழுதணும்?"

 சுப்பராயலு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், மறுநாளைக்கென்று வைத்திருந்த பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அது முள்ளிப்பட்டு முதலாளி தணிகாசலம் கூலிக்கு நெய்யக் கொடுத்த கல்யாணப் பட்டு.

"வாணாம் மாமா, ஆகாது" என்றான் மைத்துனன் ராஜேஷ்.

ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையோடு நின்றார். ஒருவரும் அசையவில்லை. அவருடைய அப்பா கண்மூடி வேலையெல்லாம் தேங்கிப்போன மாதத்தில்கூட இந்தத் தெரு அமாவாசையை மீறியதில்லை. காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். பிறகு ராஜேஷ் வந்தான், பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். வெயில் பட்டில் இறங்கி ஓடியது. சுப்பராயலு இழை முடிந்தார். அன்றைக்கு அவருக்கு ஆறு எதுவும் தெரியவில்லை. சுகன்யா செல்போனில் படம் எடுத்துக்கொண்டு எழுதினார்.

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அந்தத் துண்டை விட்டுவிட்டார்கள். தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் தணிகாசலம் போன் செய்தார். "அவசர ஆர்டர் சுப்பராயலு. நாளைக்குப் பாவு போட்டுடு."

"நாளைக்கு அமாவாசைங்க."

"கோர்ட்டுக்காக அன்னிக்குப் போட்டீங்களே, அப்போ இன்னா ஆயிடிச்சி?"

சுப்பராயலு போனை வைத்துவிட்டுக் காத்தாயியைப் பார்த்தார்.

"நெலத்த எடுக்க வந்தவங்க மேல கேஸ் போட்டோம். இவுரு மேல எங்க போயி போடுறது?"